கடலூர், புதுச்சேரி வரலாற்றை ஆராய எந்த நூலகத்தில் தொடங்குவது?

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்த ஐரோப்பியக் கும்பனிகளுக்குத் துணி நெய்து கொடுத்தவர்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுத விரும்பிய மாணவி ஒருவர், சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் என்னைப் பார்க்க வந்திருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் அவர். சனி, ஞாயிறு நீங்கலாக ஆய்வுக்கென்று அவரால் எடுக்க முடிந்த விடுப்பு மொத்தம் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளையும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலேயே செலவிடும்படி ஒருவரும், நேராக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்படி மற்றொருவரும், எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது அலைவானேன் என்று இன்னொருவரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று அறிவுரையிலும் உண்மை இருந்தது. ஆனால் அவருடைய கேள்வி என்ன, அவர் எந்த மொழியைப் படிப்பார் என்று கேட்டுவிட்டு யாரும் அறிவுரை சொல்லவில்லை.

வரலாற்று ஆய்வுக்கு வருவோர் ஓரிடத்தின் புகழைப் பார்த்தே அங்கே போக நினைக்கிறார்கள். நான் இந்த இடங்களை ஒப்பிடும்போது மூன்று செய்திகளை மட்டும் பார்க்கிறேன்: நம் கேள்விக்கு உரிய மூலம் அங்கே இருக்கிறதா, அது நாம் படிக்கக்கூடிய மொழியிலும் எழுத்திலும் இருக்கிறதா, அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அளவுக்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா. இவற்றுள் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், நாள்கள் வீணாவதும் அதனால்தான்.

பொது நூலகங்களிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரியில் 1827இல் நிறுவப்பட்ட ரோமன் ரோலான் நூலகமும், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த அமைப்பைச் சேர்ந்த கடலூர் மாவட்ட மைய நூலகமும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் நாளிதழ் வாசிப்பவர்களும் வந்து அமரும் இடங்கள் என்றே பலராலும் கருதப்படுகின்றன. ஆய்வாளருக்கு இவற்றால் பயனில்லை என்ற எண்ணம் தவறானது. நெசவாளர் பற்றிய கேள்விக்கு நம்மிடம் உள்ள மிகச் செழுமையான தமிழ் மூலம், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அது அச்சில் வந்துவிட்ட நூல். அச்சில் வந்த நூலைத் தேடிப் போக வேண்டிய முதல் இடம் பொது நூலகம்.

பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரையில் எழுதிய அந்தக் குறிப்புகளில் கப்பல் வரவு, துணிப்பேரம், கடன், வழக்கு, ஊர்ப்பேச்சு அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அச்சகத்தின் வழியாகப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பைப் படிப்பதா, ஆங்கிலப் பதிப்பைப் படிப்பதா என்பதே ஒரு தனித் தேர்வுதான். ஆங்கிலத் தொகுதிகளில் முன்னுரையும் அடிக்குறிப்பும் சொல்லடைவும் இருப்பதால், ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொகுதி தொகுதியாக ஓட முடியும். ஆனால் கும்பனி, கோன்சேல் (ஆட்சிமன்றம்) என்று போர்ச்சுகீசும் பிரெஞ்சும் பாரசீகமும் கலந்த அன்றைய பேச்சுத் தமிழில் பிள்ளை சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சீரான அலுவலக நடையாகிவிடுகிறது. நெய்பவர், நூல் கொடுப்பவர், தரகர், முன்பணம் வாங்கி ஊரூராகப் பிரித்துக் கொடுப்பவர் என்று தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்பவர்கள், மொழிபெயர்ப்பில் ஒரு பொதுச்சொல்லுக்குள் போய்விட இடமுண்டு. நெசவாளரைப் பற்றி எழுதப் போகிறவருக்கு அந்தப் பிரிவுதான் பொருளே. ஆகவே சொல்லடைவுக்கு ஆங்கிலத் தொகுதி, மேற்கோளுக்குத் தமிழ் மூலம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

இப்படி இரண்டு நூல்களை அருகருகே வைக்கும்போதுதான் நான் பல நாள் தடுமாறிய ஒரு சிக்கல் புலப்படுகிறது. லபுர்தொன்னே தலைமையில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிய நாளை ஆங்கிலேயர் ஆவணம் 1746 செப்டம்பர் 10 என்கிறது, பிரெஞ்சு ஆவணம் செப்டம்பர் 21 என்கிறது. இரண்டும் சரி. பிரான்சு கிரெகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டது. இங்கிலாந்தோ 1752 செப்டம்பர் வரையில் பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. இடையில் பதினொரு நாள் வேறுபாடு. புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் எழுத்தர் பேனாவை எடுத்த அதே காலையில், புதுச்சேரி எழுத்தரின் ஏட்டில் பதினொரு நாள் கடந்திருந்தது. போதாக்குறைக்கு ஆங்கிலேயரின் ஆண்டு அப்போது மார்ச் 25இல்தான் பிறந்தது. எனவே அவர்கள் 1746 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்குக்கு 1747 பிப்ரவரி. பிள்ளையோ அட்சய ஆண்டு, புரட்டாசி மாதம் என்று தமிழ்த் தேதியோடு எழுதுகிறார். துணி மூட்டை புதுச்சேரிக்கு வருவதற்கு முன்பே கடலூரில் அதற்குப் பதில் எழுதப்பட்டுவிட்டதாக ஒருமுறை நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். நாட்காட்டியை மறந்ததன் விளைவு அது. மூன்று நெடுவரிசையாக ஒரு தேதி அட்டவணையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போவது, ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

பெயர்களும் அப்படித்தான். தேவனாம்பட்டினம் ஐரோப்பியர் ஏடுகளில் தேக்னாபட்டம் ஆகிறது, பரங்கிப்பேட்டை போர்ட்டோ நோவோ, திருவதிகை திரிவாடி. ஓர் ஊருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் இருப்பது வழக்கம். நூலகப் பட்டியலிலோ சொல்லடைவிலோ இன்றைய பெயரைத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர்ப்பெயர், ஆள்பெயர், துணிப்பெயர் ஆகியவற்றின் மாற்று வடிவங்களை அச்சு நூல்களிலிருந்து முதலில் திரட்டிக்கொள்ள வேண்டும். இருபது உருப்படி சேர்ந்த கட்டுக்கு கோர்ஜ் என்பதும், பாவில் நூற்றிருபது இழை கொண்ட அளவுக்குப் புஞ்சம் என்பதும் தெரியாமல் ஒரு கணக்கேட்டைத் திறந்தால், எண்கள் கண்ணில் படும், பொருள் படாது.

பொது நூலகத்தின் குறை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொகுதிகள் தொடர்ச்சியாக இல்லாமல் இருக்கலாம். ஒருமுறை ஒரு நூலகத்தில், தேடிய நூலுக்குப் பட்டியல் அட்டை இருந்தது, எண் இருந்தது, அலமாரியில் அந்த எண்ணுக்கு உரிய இடமும் இருந்தது, நூல் மட்டும் இல்லை. பொறுப்பில் இருந்தவர் என்னோடு சேர்ந்து அரைமணி நேரம் தேடினார், கிடைக்கவில்லை. அத்தகைய நாளில் மனம் உடைந்துவிடாமல், அடுத்த தொகுதியில் அமர்வது ஒன்றே வழி. விடுமுறை நாளிலும் போய் அமரக்கூடியவை பெரும்பாலும் பொது நூலகங்களே என்பதால், வேலைக்குப் போகிறவருக்கு இவற்றின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அடுத்து, எல்லோரும் முதலில் சொல்லும் பிரெஞ்சு நிறுவனம். 1955இல் தொடங்கப்பட்டு, செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கட்டடத்தில் இந்தியவியல் நூல்கள், வரைபடங்கள், 1956 முதல் எடுத்துச் சேர்த்த கோயில் நிழற்படங்கள், ஓலைச்சுவடிகள் என்று பெருஞ்செல்வம் இருக்கிறது. இந்த நிறுவனத்திலும் டூமா வீதியில் உள்ள தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலும் காக்கப்படும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஒரு கட்டு ஓலையை அவிழ்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது வாழ்நாளில் மறக்க முடியாத அனுபவம்: புல்தைல வாசனை, இரு பலகைகளுக்கு நடுவே கயிறு கோத்த ஓலைகள், வரியும் சொல்லும் இடைவெளியின்றி ஓடும் எழுத்து, புழு துளைத்த இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்து ஓலைகளிலும் அதே துளை. ஆனால் அந்தச் சுவடிகளில் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சைவ ஆகமங்களும் அவற்றைச் சார்ந்த நூல்களும்தாம். நெசவாளரின் கூலிக்கணக்கை அங்கே தேடினால் கிடைக்காது.

ஆகவே அந்த மாணவிக்குப் பிரெஞ்சு நிறுவனத்தின் சுவடி அறையைவிட அதன் அச்சு நூல் பகுதியே தேவை. புதுச்சேரியில் 1911இல் உருவான பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம், பிரெஞ்சுக் கும்பனியின் ஆட்சிக்குழுவான புதுச்சேரி உயர்மன்றத்தின் 1701 முதல் 1739 வரையான நடவடிக்கைக் குறிப்புகளையும், கடிதப் போக்குவரத்தையும், பழைய ஆவணங்களின் பட்டியல்களையும் பிரெஞ்சில் அச்சிட்டிருக்கிறது. அத்தகைய வெளியீடுகளை ஒருசேர அமர்ந்து பார்ப்பதற்கு இதுபோன்ற ஆய்வு நூலகமே தகுந்த இடம். பிரெஞ்சு தெரியாதவர் என்ன செய்வது என்ற கேள்வி எழும். கையெழுத்துப் பிரெஞ்சு வேறு, அச்சுப் பிரெஞ்சு வேறு. எண்களும் துணிப்பெயர்களும் தேதிகளும் நிறைந்த வணிகக் குறிப்பை, அகராதியும் பொறுமையும் இருந்தால் அச்சில் ஓரளவு பிடித்துவிடலாம். ஐயமான பத்தியை மட்டும் பிரெஞ்சு அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம். புதுச்சேரியில் அப்படி உதவக்கூடியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, நெறியாளரின் கடிதத்தோடும் அடையாள அட்டையோடும், தேவையான நூல்களின் பெயர்ப்பட்டியலோடும் போனால் ஒரு நாளில் செய்வதை, வெறுங்கையோடு போனால் மூன்று நாளில் செய்ய வேண்டிவரும்.

கேள்வி வேறாக இருந்திருந்தால் என் விடையும் வேறாக இருந்திருக்கும். திருவயிந்திரபுரம் கோயிலில், மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும் போசள மன்னன் நரசிம்மனின் தளபதிகள் வந்து மீட்டதையும் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதைப் போன்ற ஒன்றையோ, பாகூர் வித்யாஸ்தானத்துக்கு (கல்விச்சாலைக்கு) ஊர்களைக் கொடையளித்த பல்லவர் செப்பேட்டையோ ஆராய வருபவர், முதல் நாளே பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போவதுதான் முறை. கல்வெட்டுத் தொகுதிகளும் கோயில் நிழற்படங்களும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், வாசகத்தைப் படித்துவிட்டு அந்தச் சுவரைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் 1936 ஜூலை 30இல் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி எழுத வருபவருக்கோ, சுவடியும் கல்வெட்டும் உதவா, 1934இல் வ. சுப்பையா தொடங்கிய சுதந்திரம் போன்ற இதழ்களும், அந்நாளைய நாளிதழ்களும், அரசு ஆவணங்களும் வேண்டும். அப்படிப்பட்டவரைச் சென்னையில் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று பழைய இதழ்களைத் தேடி அனுப்புவேன்.

பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழக நூலகம் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரையே தாங்கியிருக்கிறது. கடலூர்க்காரருக்குத் தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம் உண்டு. நம் பொருளில் முன்பு யார் என்ன எழுதினார்கள் என்பதை அறிய இவை நல்ல இடங்கள். ஆனால் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பல சோத்கங்கா தளத்திலேயே படிக்கக் கிடைப்பதால், அதற்கென்றே விடுப்பு எடுக்கத் தேவையில்லை. முன்னைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் கோப்பு எண் இருக்கிறதா என்று பார்ப்பதே அதைப் படிப்பதன் முதற்பயன்.

ஆவணக் காப்பகத்தை நூலகம் என்று நினைத்துக்கொண்டு போவது பெரிய ஏமாற்றத்தில் முடியும். நூலகத்தில் பொருள் தலைப்பைச் சொன்னால் நூல் வரும். காப்பகத்திலோ எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எத்தனையாவது ஏடு என்று எழுதிக் கொடுத்தால்தான் வரும். புதுச்சேரியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவண மையம் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. இவ்விரண்டில் எது என்பதை, நம் கதையில் காகிதம் எங்கே எழுதப்பட்டு எங்கே போனது என்பது முடிவு செய்கிறது. 1746இல் சென்னை விழுந்தபின், 1752 வரையில் தென்னிந்தியாவில் ஆங்கிலக் கும்பனியின் தலைமையிடமாக இருந்தது கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை. அந்த ஆறு ஆண்டுகளில் நெசவாளருக்கு எவ்வளவு முன்பணம் கொடுப்பது என்பதெல்லாம் இங்கே முடிவு செய்யப்பட்டது. பின்பு தலைமையிடம் சென்னைக்குத் திரும்பியது. கடலூரின் ஏட்டை எழும்பூரில் தேட வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். அவற்றுள் ஒரு பகுதி அச்சாகியும் இருக்கிறது.

பிரெஞ்சுப் பக்கத்தில் நிலைமை வேறு. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்கு முந்திய காலத்து ஆவணங்களைத் தேடுபவர், இங்கே இருப்பவற்றோடு நின்றுவிட முடியாது. பிரான்சுக்கு அனுப்பப்பட்டு இப்போது எக்ஸ் நகரக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் உள்ளவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பன்னிரண்டு நாள் விடுப்பு உள்ளவருக்கு அது எட்டாது என்பதால், அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளே அவருக்கு மாற்று. 1761ஆம் ஆண்டு அழிவைத் தன் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே குறிப்பிட்டு, ஆங்கிலேயர் தரப்புச் சான்று ஏன் மிகுதியாக வருகிறது என்று அவர் சொல்லிவிட வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொன்னேன். கிடைத்த காகிதமே நடந்தது முழுவதும் என்று வாசகரை நம்பவைப்பது பெரும்பிழை.

இணையத்தைக் கடைசியில் வைத்தது, குறைவாக மதிப்பதால் அன்று. தமிழ் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் இருக்கின்றன. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் பிரெஞ்சிந்தியா பற்றிய அச்சு நூல்கள் உள்ளன. 1878இல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் இணையவழிக் களஞ்சியங்களில் படிக்கக் கிடைப்பவை. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பட்டியலைத் தேடிப் பார்க்க முடியும். இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் நூலகம் இதைவிட வேறில்லை. ஆயினும் ஒரு குறை உண்டு: இணையம் நாம் தேடிய சொல்லை மட்டும் கொண்டுவந்து கொடுக்கும். துணி என்று தேடினால் துணி வரும். அதே பக்கத்தில், மழை பொய்த்து நெல் விலை ஏறியதால் நெசவாளர் ஊரைவிட்டுப் போனார்கள் என்றொரு வரி இருந்தால், அதில் நம் சொல் இல்லாததால் அது கண்ணில் படாது. தொகுதியைக் கையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுபவருக்கே அந்த வரி அகப்படும். பழைய அச்சை வருடி எடுத்த படங்களில் எழுத்தைக் கணினி தவறாகப் படிப்பதும் அடிக்கடி நேர்வதால், தேடல் வெறுமையாக வந்தது என்பதைச் செய்தி இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இவற்றையெல்லாம் வைத்து அவருக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் இரண்டு மாதச் சனி, ஞாயிறுகளில் பொது நூலகத்தில் நாட்குறிப்பு, இரவில் வீட்டில் மாவட்டக் கையேடும் விவரச்சுவடியும். விடுப்பு ஒரு நாளும் தொடக் கூடாது. அதன்பின் பிரெஞ்சு நிறுவனத்துக்கு நான்கு நாள். எழும்பூருக்கு ஆறு நாள், அதுவும் தொகுதி எண்கள் கைக்கு வந்த பிறகு. மீதி இரண்டு நாள், ஏதாவது ஒன்று கிடைக்காமல் திரும்பி வர நேர்ந்தால் அதற்கு. புதுச்சேரி ஆவண மையத்தை அவருடைய வரிசையில் நான் சேர்க்கவில்லை. கையெழுத்துப் பிரெஞ்சைப் படிக்கும் பயிற்சி இல்லாத நிலையில், நான்கு நாளை அங்கே வைப்பது அவருக்குப் பயன்தராது என்பது என் முடிவு. முனைவர் பட்டத்துக்குத் தொடர்ந்தால், ஓராண்டு பிரெஞ்சு படித்துவிட்டு முதலில் போக வேண்டிய இடம் அதுவே.

ஒரு செய்தியை மட்டும் எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். எந்தப் பக்கத்தைப் படமெடுத்தாலும் அதற்கு முன் நூலின் தலைப்புப் பக்கத்தையும் தொகுதி எண்ணையும் படமெடுக்க வேண்டும். நாற்பது பக்கங்களை அழகாக எழுதி எடுத்துவந்து, அவை நான்காம் தொகுதியா ஐந்தாம் தொகுதியா என்று தெரியாமல் நான் மீண்டும் பேருந்து ஏறியிருக்கிறேன்.

ஐப்பசியில் அவர் திரும்பி வந்தபோது, கையில் ஒரு நீளக் குறிப்பேடு இருந்தது. இடப்பக்கம் தமிழ்த் தேதி, நடுவில் பிரெஞ்சுத் தேதி, வலப்பக்கம் ஆங்கிலேயர் தேதி. நாட்குறிப்பில் துணி வணிகர் பெயர் வந்த இடங்களையெல்லாம் பக்க எண்ணோடு வரிசைப்படுத்தியிருந்தார். பின்னட்டையின் உட்புறத்தில், எழும்பூரில் கேட்க வேண்டிய தொகுதிகள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. மொத்தம் ஒன்பது. விடுப்பு பன்னிரண்டு நாளும் அப்படியே இருந்தது.